மகனுக்கும் ஸ்டெப் மார்க் போடுங்கள், சார்

கேள்வி: நான் 46 வயது முதுகலைக் கணித ஆசிரியர். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் வேலை. பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி. டீக்கடையில் நின்று பேசும் பழக்கம்கூடக் கிடையாது. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, இவர்களுக்காகத்தான் ஓடுகிறேன். மகன் என் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு வரை கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதில்லை. இந்த அரையாண்டில் 41. மற்றப் பாடங்களில் எல்லாம் எழுபதுக்கு மேல். தினமும் ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் சண்டையில்தான் முடிகிறது. போன வாரம் நோட்டைத் தூக்கி எறிந்து, முதுகில் ஓர் அடியும் வைத்துவிட்டேன். மனைவி அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. "நான் இல்லாம இருந்தா அப்பா நிம்மதியா இருப்பாங்க" என்று தங்கையிடம் சொன்னானாம். ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் காதுபடச் சொல்லிச் சிரித்தார். அவன் நோட்டில் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்று நான் பக்கத்தில் இருந்தபோது போட்டது. மற்றது நான் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்த அன்று அவனாகப் போட்டது. இரண்டிலும் தப்பு. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. அவனைத் தேற்றி முதல் குரூப்பில் சேர்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சார்,

மார்க்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். மகன் தங்கையிடம் சொன்னதை மட்டும் ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த ஒரு வரியில் இருந்துதான் தொடங்கப் போகிறேன். கணக்கு அப்புறம்.

பத்தாம் வகுப்புப் பையன் "நான் இல்லாம இருந்தா" என்று சொல்வதை, கோபத்தில் வந்த பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. வெறும் வருத்தமாகவும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்து ஊகிக்க முடியாது, அவனிடமே கேட்டால்தான் தெரியும். இன்றைக்கே கேளுங்கள். நோட்டுக்கு முன்னால் வேண்டாம். வண்டியில் எங்காவது கூட்டிப் போங்கள், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். "நீ பாப்பாகிட்ட சொன்னதைக் கேட்டதில இருந்து எனக்கு மனசே சரியில்ல. அவ பயந்துபோய்ச் சொன்னா, அவளைத் திட்டாதே. செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்காப்பா?" என்று நேராகவே கேட்கலாம். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிய பிள்ளைக்கு, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். கேட்டபிறகு நீங்கள் பேசாதீர்கள். அவன் அழுதாலும், ஒன்றும் சொல்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாலும் காத்திருங்கள். "உனக்கு என்ன குறை வச்சேன்" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது.

"ஆமாம்" என்றாலோ, மழுப்பினாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ அவனைத் தனியாக விடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும், கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசு மனநல உதவி எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், 104-லும் பேசலாம். உங்கள் அம்மா சாப்பிடும் மாத்திரைகள், எலி மருந்து, பூச்சி மருந்து எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். அவன் "இல்லப்பா" என்று சொன்னாலும் இதைச் செய்துவிடுங்கள்.

இனி நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பக்கங்களையும் 'தப்பு' என்று ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். எனக்கு அவை இரண்டு வேறு பையன்கள் எழுதியவை போலத் தெரிகின்றன.

நீங்கள் வெளியூர் போயிருந்த அன்று போட்டதை முதலில் எடுத்துக்கொள்வோம். செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம், பரப்பு 108 சதுர மீட்டர், அளவுகளைக் காண்க. அகலம் எக்ஸ், நீளம் எக்ஸ் பிளஸ் 3 என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். சமன்பாடு சரி. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, 108-ஐப் பன்னிரண்டு, ஒன்பது என்று பிரித்ததும் சரி. குறி மாறிவிட்டது. பிளஸ் 12, மைனஸ் 9 என்று வர வேண்டியதை மைனஸ் 12, பிளஸ் 9 என்று எழுதியதால் அகலம் 12, நீளம் 15 என்று முடித்திருக்கிறான். பக்கம் முழுக்க ஓர் அடித்தல் கிடையாது. 12-ஐயும் 15-ஐயும் பெருக்கிப் பார்த்திருந்தால் 180 வந்திருக்கும், தப்பு தெரிந்திருக்கும். இந்தப் பையனுக்குப் பாடம் தெரியும், விடையைச் சரிபார்க்கும் பழக்கம் மட்டும்தான் இல்லை.

அடுத்தது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கம். அடுத்தடுத்த இரண்டு மிகை ஒற்றை எண்களின் வர்க்கங்களின் கூடுதல் 290, எண்களைக் காண்க. இதிலும் சமன்பாட்டைச் சரியாக அமைத்திருக்கிறான். எக்ஸ் பிளஸ் 2 ஹோல் ஸ்கொயரை விரித்து, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் நாலு எக்ஸ் பிளஸ் நாலு என்று எழுதியிருக்கிறான். சார், அது சரியான விடை. அதை அவனே அடித்திருக்கிறான். அடித்ததற்குக் கீழே, நடுவில் இருக்க வேண்டிய நாலு எக்ஸை விட்டுவிட்டு எழுதி, அதையும் அடித்திருக்கிறான். அடுத்த வரியில் பேனா நின்ற இடத்தில் மை ஊறியிருக்கிறது, எழுத்து இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 'எட்டாம் கிளாஸ் கணக்கு!' என்று உங்கள் கையெழுத்து.

சரியாக எழுதியதை ஒரு பிள்ளை ஏன் அடிக்கிறது? அந்த நேரத்தில் அவன் கணக்கைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டீர்கள். மூச்சை இழுத்து விட்டிருப்பீர்கள், கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு அதுவே போதும், எழுதியது தப்பு என்று முடிவு செய்துவிடுவான்.

இதற்குப் பின்னால் இருக்கும் சங்கதி நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. கணக்குப் போடும்போது, இடையில் வரும் எண்களையும் குறிகளையும் முடிக்கும்வரை மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடம் எல்லோருக்குமே சிறியது. பயமும் கவலையும் வந்து உட்காருவது அதே இடத்தில்தான். மார்க் ஆஷ்கிராஃப்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001-இல் வெளியிட்ட சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. சின்னக் கூட்டல்களில் கணக்குப் பயம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீதி எடுத்துக் கூட்ட வேண்டிய கணக்கைக் கொடுத்து, கூடவே வேறொன்றையும் நினைவில் வைக்கச் சொன்னதும் பயம் உள்ளவர்கள் தடுமாறினார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் நாலு ஸ்டெப்புக்குக் குறைந்தது எது? ஏழாம் வகுப்பு வரை ஓடிய வண்டி எட்டாவதில், ஒன்பதாவதில் நிற்க ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன். 2015-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நானூறு பேருக்கு மேல் ஒரு கல்வியாண்டு கவனித்தார்கள். கணக்கு என்றாலே பதறும் பெற்றோர், அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில் பிள்ளைகளின் கணக்கு குறைவாகத்தான் வளர்ந்தது, பயமும் கூடியது. அதே மாதிரிப் பெற்றோர் உதவப் போகாமல் விட்ட வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. 'எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், கணக்கு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு' என்பீர்கள். உண்மைதான், உங்களுக்குக் கணக்கில் பயம் இல்லை. அவன் மார்க்கில் பயம். ஸ்டாஃப் ரூம் சிரிப்பில் பயம். எது மேல் உங்களுக்குப் பயம் என்று பிள்ளை பிரித்துப் பார்ப்பதில்லை. அப்பா பதறுகிறார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறீர்கள். முன்னால் இருக்கும் விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு தாள். யார் பிள்ளை என்று தெரியாது. விடை தப்பு. உடனே பூஜ்யம் போட்டுவிடுகிறீர்களா? கீ ஆன்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமன்பாடு சரியா, சூத்திரம் எழுதியிருக்கிறதா, எந்த வரி வரை சரியாக வந்திருக்கிறது என்று தேடித் தேடி அரை மார்க், ஒரு மார்க் என்று கூட்டுகிறீர்கள். முகம் தெரியாத பிள்ளையின் பேப்பரில் சரியானதைத் தேடும் கண், மகன் நோட்டில் தப்பைத் தேடுகிறது. அதே கண்ணை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதை இன்றைக்கே செய்து பார்க்க முடியும். அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்து, யாரோ ஒரு மாணவன் எழுதியது என்று வைத்துக்கொண்டு, கீ ஆன்சர் முறையில் நீங்களே மார்க் போடுங்கள். அவனிடம் காட்ட வேண்டாம், உங்களுக்காகத்தான். எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

அடுத்தது உங்களுக்குக் கசக்கும். இந்த மூன்று மாதம் அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். 'இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா' என்று நெஞ்சு அடைக்கும், புரிகிறது. எட்டு மணிக்கு நீங்கள் நாற்காலியை இழுக்கும் சத்தத்திலேயே இப்போது அவன் மூளை மூடிக்கொள்கிறது. உங்கள் திறமையில் ஒரு குறையும் இல்லை, அந்த நாற்காலி கெட்டுப்போய்விட்டது. கொஞ்ச நாள் வேறு யாராவது உட்காரட்டும். உங்கள் ஸ்டாஃப் ரூமில் இருந்து யாரும் வேண்டாம், அவன் போடும் ஒவ்வொரு தப்பும் மறுநாள் உங்கள் மேஜைக்கு வந்துவிடும். உங்களிடம் படித்துவிட்டுக் கல்லூரியில் கணிதம் படிக்கும் பையனோ பெண்ணோ பக்கத்தில் இருப்பார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், உங்கள் வீட்டில் வேண்டாம், அவர்கள் வீட்டில். 'எப்படிப் படிக்கிறான்' என்று கேட்க மாட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதை உங்கள் மகன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

தேர்வைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மார்க் வினாக்கள் 14, பத்து இரண்டு மார்க், பத்து ஐந்து மார்க், செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாகப் பதினாறு. மெல்லக் கற்கும் பிள்ளைகளை அந்தப் பதினாறிலும் பதினாலிலும் கரையேற்றுவது உங்களுக்குக் கைவந்த கலை. அளந்து, கோணம் வைத்து, கவராயத்தால் வில் வெட்டி வரைவது பயந்த பிள்ளைக்கு நல்ல தொடக்கம். கை வேலை செய்யும்போது பதற்றம் கொஞ்சம் அடங்கும். இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, சொல்லிக்கொடுக்கப் போகும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பரீட்சைக்கு முன்னால் மனசில் ஓடும் கவலைகளைப் பத்து நிமிடம் ஒரு தாளில் எழுதிவிட்டுப் போனால் சில பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைகிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. திருப்புதல் தேர்வில் வேண்டுமானால் செய்து பார்க்கட்டும். எழுதியதை யாரும் படிக்கக் கூடாது, நீங்களும் அவன் அம்மாவும் உட்பட.

கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று உங்களுக்குள் ஒரு சந்தேகம் இருக்கலாம். கணக்கில் அப்படி ஒரு குறைபாடு உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே, எது பெரிய எண், எது சின்ன எண் என்பதிலேயே திணறுவார்கள். ஏழாவது வரை தொண்ணூறு வாங்கிய பையனுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

அடித்ததைப் பற்றி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனசு நோகடிப்பதையும் தடை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஊரார் பிள்ளை மேல் ஓங்காத கை சொந்தப் பிள்ளை மேல் விழுந்திருக்கிறது. அவனிடம் போய், "அன்னைக்கு அடிச்சது என் தப்பு. இனிமே அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் சொன்னது எல்லாம் வீண். உங்கள் அம்மா, "பெத்தவன் அடிக்காம யார் அடிப்பா" என்று சமாதானத்துக்கு வருவார்கள். அவர்களிடம் மரியாதையாக, "இல்லம்மா, தப்புதான்" என்று அவன் முன்னாலேயே சொல்லுங்கள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எல்லாம் எழுதவில்லை. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பகலில் பன்னிரண்டாம் வகுப்பு, நடுவில் எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, சாயங்காலம் மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ் என்று நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளிடம் பொறுமையைச் செலவழித்துவிட்டு, மிச்சம் மீதியோடு வீட்டுக்கு வருகிறீர்கள். அதைத்தான் மகனுக்குக் கொடுக்க முடிகிறது. குடும்பம் குடும்பம் என்று வாழ்கிற பல ஆசிரியர்களின் நிலைமை இதுதான். அந்த எட்டு முதல் பத்தை இனி வீட்டுக்குக் கொடுங்கள். மனைவி அடுப்படியை விட்டு ஏன் வெளியே வருவதில்லை என்று எழுதவில்லை நீங்கள். அவர்களுக்கும் அந்தக் குரல் பயம்தான் என்று நினைக்கிறேன். பாத்திரம் கழுவும்போது கூடப் போய் நில்லுங்கள், காய் நறுக்கிக் கொடுங்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். சின்னவள் என்ன படிக்கிறாள், யாரோடு விளையாடுகிறாள், கடிதத்தில் ஒரு வரி இல்லை. அண்ணன் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு தூங்கிய குழந்தை அவள். அவளையும் மடியில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

கோபம் ஏறும்போது உடம்பு முன்னாலேயே சொல்லிவிடும்: தாடை இறுகும், காது சூடாகும். அந்த நிமிடமே எழுந்து வாசலுக்குப் போய்விடுங்கள். மகனிடம் "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அதையும் அவன் தண்டனையாக எடுத்துக்கொள்வான். ஸ்டாஃப் ரூமில் சிரித்தவரிடம், "என் பையனைப் பத்தி இப்படிப் பேசாதீங்க சார்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். மகனுக்கு அது எப்படியும் தெரிய வரும், தெரிய வரட்டும்.

கடைசியாக முதல் குரூப். கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவனுக்கு என்ன படிக்க ஆசை என்று எங்கும் இல்லை. கணக்கு இல்லாத அறிவியல் பிரிவு இருக்கிறது, வணிகவியல் இருக்கிறது, தொழிற்கல்வி இருக்கிறது, பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போகலாம். இதெல்லாம் நீங்களே அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வதுதான். மார்க் குறைந்தாலும் உங்கள் முகத்துக்காக உங்கள் பள்ளியில் முதல் குரூப் கொடுத்துவிடுவார்கள். தயவுசெய்து அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் முதுகலைக் கணித ஆசிரியர். அவன் அதே பள்ளியில் முதல் குரூப்பில் சேர்ந்தால், அடுத்த இரண்டு வருடம் அவனுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். ராத்திரி எட்டு மணி, காலை ஒன்பதே முக்காலுக்கும் வந்துவிடும், நாற்பது பேர் முன்னால். நீங்கள் இதை யோசித்திருக்கிறீர்களோ இல்லையோ, அவன் கட்டாயம் யோசித்திருப்பான். 41-க்குப் பின்னால் இதுவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆகவே குரூப்பைப் பற்றிப் பேசும்போது, "கணக்கு பிடிக்குமா" என்று கேட்பதோடு விடாமல், "நான் கிளாஸ் எடுக்காம இருந்தா பிடிக்குமா" என்றும் கேளுங்கள். பிடிக்கும் என்றால், பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் வேறு மேல்நிலைப் பள்ளி எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.